அப்பா கொரியா போன கதை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்த ஒரு மத்தியானம், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சர்ச் ஹாலின் வாசலில் நடந்தது இது. அந்த நேரத்தில் அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் நடனக் குழுவில் ஆடுகிற ஆறு பேர், அதில் நானும் ஒருவன். என் அப்பா, அம்மா. ஹால் வாட்ச்மேன். ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப அவசரப்பட்டுக்கொண்டிருந்த வேன் டிரைவர். எங்களுக்காக ஒரு ஜெபம் சொல்லி முடித்துவிட்டு மரத்தடியில் நின்ற பங்குத்தந்தை. இல்லாதவர் ஒரே ஒருவர்தான். குழுவை நடத்துகிற அக்கா. மேடை, லைட் ஏற்பாடுகளைப் பார்ப்பதற்காக அவர் முன்கூட்டியே தென்கொரியா போய்விட்டிருந்தார். அவர் இருந்திருந்தால், என் அப்பா கையில் பூசணிக்காயைப் பார்த்ததுமே ஓரமாகப் போய் உடைக்கச் சொல்லியிருப்பார். ஆடுகிறவர்களின் காலைப் பற்றி யோசிக்காமல் அவரால் பத்து நிமிஷம் இருக்க முடியாது.

எங்களுடையது சின்னக் குழு. பரதநாட்டியமும் இல்லை, சினிமா டான்ஸும் இல்லை. நோட்டீஸில் 'தற்கால நடனம்' என்று போடுவோம். அப்படியென்றால் என்ன என்று கேட்பவர்களிடம் அக்கா, வந்து பாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா, அம்மா, சித்தி எல்லோரும் டீச்சர்கள். அவரும் நான் படித்த பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர்தான். சாயங்காலம் பெஞ்சுகளை ஓரமாக நகர்த்திவிட்டு எங்களை ஆடச் சொன்னார். அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன். பிறகு பங்கில் பேசி அந்த ஹாலை ரிகர்சலுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கல்யாண ரிசப்ஷனோ ஞானஸ்நான விருந்தோ இல்லாத நாட்களில் ஹால் எங்களுக்கு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வரைக்கும் படித்து முடித்த முதல் ஆள் நான். பி.காம். முடித்து பாண்டி பஜார் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். அப்பா ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கு லோடு இறக்குகிறவர். அந்தத் தெருவுக்குள் வேன் நுழைய முடியாது. தெரு முனையில் இறக்கும் துணி பண்டலை முதுகில் ஏற்றிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து நடந்து, மாடி ஏறிக் கொண்டுபோய்ப் போடவேண்டும். அம்மா ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டு வீடுகளில் சமைக்கிறார். நான் ஆடுவது அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டால், புரியவில்லை என்பதுதான் சரியான பதில். ஆனால் பாஸ்போர்ட் வந்த அன்று எல்லாம் புரிந்துவிட்டது. மயிலாப்பூரில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் அந்தச் சின்னப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்காதவர்கள் யாருமில்லை.

எங்கள் குழு வெளிநாட்டில் ஆடப்போவது அதுதான் முதல் தடவை. ஆறு பேரில் ஐந்து பேருக்கு விமானமும் அதுதான் முதல் தடவை.

பூசணிக்காய் அம்மாவின் யோசனை. பிள்ளை கடல் தாண்டிப் போகிறான், ஊர்க் கண்ணெல்லாம் பட்டிருக்கிறது, சும்மா அனுப்ப முடியாது என்று மயிலாப்பூர் மார்க்கெட்டில் நல்ல பெரிய வெள்ளைப் பூசணியாகப் பார்த்து வாங்கியிருந்தார். சர்ச் வாசலில் இதைச் செய்யலாமா என்று அப்பாவுக்குத் தயக்கம். பங்குத்தந்தையிடமே போய்க் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, கேட்டுக்கு வெளியில் என்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அப்பா கற்பூரம் ஏற்றி, வேனைச் சுற்றிவந்து, தலைக்கு மேல் தூக்கி ஒரே போடாகப் போட்டார். பண்டலை இறக்குகிறவர் அல்லவா, அந்தப் பூசணி சாதாரணமாக உடையவில்லை. வேன் படியிலிருந்து கேட் வரைக்கும் சிதறியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், தரையில் ஆடும்போது முட்டிக்குப் போடுகிற பேடை ஹாலிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. இறங்கி ஓடினேன். காலில் புது ஷூ. கொரியாவில் குளிரும் என்று பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் வாங்கியது. ஷூ போட்டுப் பழக்கமில்லாதவன். வெறுங்காலாக இருந்திருந்தால் வழுக்குகிற தரை எனக்குத் தெரிந்திருக்கும். வெறுங்காலில் ஆடித்தானே வளர்ந்தேன். பூசணிச் சதை மேல் இடது கால் பட்டது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்த நொடி கேட் கம்பிக்குக் கீழே கிடந்தேன். கணுக்கால் ஒரு பக்கமாக மடங்கியிருந்தது.

எழுந்து நின்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நிற்க முடியவில்லை. ஐந்து பேரும் இறங்கி வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் வாட்ச்சைக் காட்டிக்கொண்டே இருந்தார். நீங்கள் கிளம்புங்கள், நான் நாளைக்கு வேறு ஃப்ளைட்டில் வருகிறேன் என்று சொன்னேன். அது நடக்காது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். என்னோடு ஜோடியாக ஆடும் கொட்டிவாக்கத்துப் பெண் மட்டும் வேன் ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பங்குத்தந்தை தன் காரில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எலும்பில் விரிசல். மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குக் கால் தரையில் படக்கூடாது.

அன்றைக்கு அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டாவது மாடிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஏறியவர், பாயில் உட்காரவைத்துவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். அம்மாதான், நான் வாங்கி வந்ததுதானே, நான்தானே உடைக்கச் சொன்னேன் என்று அழுதார். அப்பா படியிலிருந்து எழவில்லை. வீட்டில் நான் அவரை 'நைனா' என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் பாசம் பொங்கினால் அவரும் என்னை 'நைனா' என்பார். அன்றைக்கு நான் மூன்று நான்கு தடவை நைனா நைனா என்று கூப்பிட்டும் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் அக்கா போன் செய்தார். அவர் குரல் நிதானமாகத்தான் இருந்தது. என் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். அது என்ன விஷயம் என்று புரிய, எங்கள் நடனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து உருவாக்கிய நடனம் அது. நடுவில் எல்லோரும் விலகிப்போய், பாட்டும் நின்றுவிடும். அந்த அமைதியில் ஒருவன் ஒரு பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பான். கையால் பிடிக்கக்கூடாது. அவள் முதுகில் சாய்வாள், சரிவாள், தோளுக்கு ஏறுவாள், தலைகீழாகத் தொங்குவாள். அவன் இறக்கிவைக்காமல் நடந்துகொண்டே இருப்பான். மறு கோடியில் அவளுடைய கால் தரையைத் தொடுகிற அந்த நொடியில்தான் பாட்டு மறுபடி தொடங்கும், எல்லோரும் உள்ளே ஓடிவருவார்கள். அந்த இடத்தை எடுத்துவிட்டால் நடனத்துக்கு முதுகெலும்பே இருக்காது. சுமக்கிறவன் நான்.

அக்கா இரண்டு வழி சொன்னார். நிகழ்ச்சியையே ரத்து செய்துவிட்டுத் திரும்புவது ஒன்று. விழாக்காரர்கள் அனுப்பியிருக்கும் ஒரு கொரியப் பையனை என் இடத்தில் ஆடவைப்பது இன்னொன்று. நல்ல ஆட்டக்காரன், நான்கு நாளில் கற்றுக்கொள்வான். ஆனால் நான்தான் கற்றுக்கொடுக்கவேண்டும்.

அந்த நடையை உருவாக்க எனக்கு ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அதை முகம் தெரியாத ஒருவனுக்கு போனில் எடுத்துக் கொடு என்றால் எப்படி இருக்கும்? அக்கா போனை வைக்காமல் காத்திருந்தார். வாசல்படியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகு எனக்குத் தெரிந்தது. நிகழ்ச்சி நின்றுபோனால் அந்த முதுகு இனிமேல் நிமிராது என்று தோன்றியது. சரி அக்கா என்றேன்.

கொரியாவில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வீடியோ கால். அந்தப் பையன் உயரம், முடியில் வெள்ளிச் சாயம். போனைப் பார்த்து இடுப்பை வளைத்து வணக்கம் சொன்னான். அவனுக்கு இங்கிலீஷ் வராது. ஒரு காலேஜ் பெண் மொழிபெயர்த்தாள். எங்கள் ரிகர்சல் வீடியோவை அவன் ராத்திரி முழுக்கப் பார்த்திருக்கிறான். ஆனால் அதில்தான் சிக்கல். அவள் எடை என் முதுகில் இடம் மாறும்போது அடியில் நான் என்ன செய்கிறேன் என்பது வெளியே தெரியக்கூடாது என்றுதான் அத்தனை மாதம் பழகியிருந்தோம். தெரியாமலே செய்து முடித்துவிட்டோம். வீடியோவில் பார்த்தால் அவள் ஏதோ மிதப்பது போல இருக்கும். அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வது?

கொட்டிவாக்கத்துப் பெண்ணிடம் கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. "நீ கீழ என்ன பண்றேன்னு எனக்கெப்படிடா தெரியும்? நான் மேல இருக்கேன்" என்றாள். நியாயம்தான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே இடுப்பு, முட்டி, தோள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவன் தலையாட்டினான். நாலு எட்டு வைத்தான். இருவரும் விழுந்தார்கள். மறுபடியும். மறுபடியும். ஒரு தடவை அவள் முழங்கை தரையில் பட்ட சத்தம் போனிலேயே கேட்டது. அக்கா, கொஞ்சம் இடைவெளி விடுவோம் என்றார்.

போனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாசல்படியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. நான் விழுந்த மத்தியானத்துக்குப் பிறகு அதுதான் அவருடைய முதல் பேச்சு.

"அந்தப் பொண்ணு இடத்துல நீ குந்திக்கோ. உன் இடத்துல நான் நிக்கிறேன். அவன் பாத்துக்கட்டும்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் என் நடனத்தை ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்தவரில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. என்னால் பாதம் ஊன்ற முடியாது. சுமக்க ஒரு முதுகு வேண்டும்.

வீட்டுக்குள் நாலு எட்டுகூட நடக்க முடியாது என்பதால் மொட்டை மாடிக்குப் போனோம். அம்மா கொடித் துணிகளையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினார். போனை அவரிடம் கொடுத்து, பின்னாலிருந்து காட்டச் சொன்னேன். முந்தானையால் போனைத் துடைத்துவிட்டு, வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று தலையையும் ஒரு தடவை தடவிக்கொண்டார். மூன்றாவது மாடி டெய்லர் பாய் பல் தேய்த்தபடி மேலே வந்தார். அப்பா முதுகில் என்னைப் பார்த்ததும், "இன்னா நைனா, புள்ளைய பண்டல் கட்டி கடைக்கு அனுப்புறியா?" என்றார். அம்மா முறைத்த முறைப்பில் அவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகப் போய் நின்று வேடிக்கை பார்த்தார்.

அப்பா நடந்தார். நடந்தார் என்று சொல்லக்கூடாது, ஓடினார். ஒரு மூச்சில் மாடியின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுவிட்டார். மெதுவாகப் போகச் சொன்னேன். வெயிட்டை வைத்துக்கொண்டு எவனாவது மெதுவாக நடப்பானா என்று கேட்டார். எங்களுக்கு நான்கு நிமிஷம் ஆகவேண்டும் என்றேன். நாலு நிமிஷத்தில் இரண்டு நடை முடித்துவிடலாமே என்றார். போனுக்குள்ளிருந்து கொட்டிவாக்கத்துப் பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. கொரியப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. திரைக்கு மிக அருகில் வந்து, அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. பாதி தூரம் போனதும் அப்பா முட்டியை லேசாக மடக்கி ஒரு எம்பு எம்புவார். சுமை முதுகில் மேலேறி உட்காரும். கூடவே மூச்சை 'ஹுப்' என்று விடுவார். பல வருஷப் பழக்கம். அதைச் செய்யவேண்டாம், எங்கள் ஆட்டத்தில் அது கிடையாது என்றேன். சரி என்பார். மறுபடி பாதி தூரத்தில் 'ஹுப்'. சொல்லிச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். நான் பக்கவாட்டில் சரிந்தேன், தோளுக்கு ஏறினேன், மாவுக்கட்டுக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஒவ்வொன்றுக்கும் அடியில் அவர் இடுப்பு எந்தப் பக்கம் போகிறது, எந்த முட்டி மடங்குகிறது என்று அம்மா காட்டிக்கொண்டே வந்தார். ஒன்றிரண்டு இடத்தில் நான் செய்வதை அவருக்குச் சொல்லிச் செய்யவைத்தேன். சில இடத்தில் அவர் தடுமாறினார். சில இடத்தில் என் மாவுக்கட்டு அவர் தலையில் இடித்தது.

மூன்றாவது நாலாவது தடவை நடக்கும்போது வேகம் குறைந்திருந்தது. வெயில் ஏறிவிட்டது. என் நெஞ்சுக்கு அடியில் அவர் சட்டை நனைந்திருந்தது. நான் தொங்கியபடி பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முன்பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அப்போது அவர் ரொம்பச் சின்னக் குரலில் பேசினார்.

"ஓரமா ஒடச்சிருக்கணும் நைனா. இன்னாவோ கெத்தா போட்டுட்டேன். எத்தினி நாளா கஷ்டப்பட்ட நீ. ஆறு பேரு பொழப்புல மண்ண வாரிப் போட்டுட்டேன்."

பரவாயில்லை என்று சொல்லலாம். அது பொய். அவரும் நம்பமாட்டார். என்னையும் அறியாமல் என் வாயில் வந்தது ரிகர்சலில் அக்கா எனக்குச் சொல்லுவதுதான்.

"எறக்கிடாத நைனா. நடந்துகினே இரு."

அவர் இறக்கவில்லை. கோடி வரைக்கும் நடந்தார். கொஞ்சம் தடுமாறி, ஒரு எம்பு எம்பி, நடந்தார். அம்மா போனைப் பிடித்தபடியே கண்ணைத் துடைத்ததில் படம் வானத்துக்குப் போய்விட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, இதையெல்லாம் போன் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது என்று. கொரியப் பையனுக்கும் மொழிபெயர்க்கும் பெண்ணுக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் எங்கள் ஐந்து பேரும் அக்காவும் அங்கே நின்றிருந்தார்கள். திரையில் பார்த்தபோது கொட்டிவாக்கத்துப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அக்கா மட்டும் போனுக்குப் பக்கத்தில் வந்து, "அங்கிள், இன்னும் ஒரே ஒரு தடவை நடக்க முடியுமா?" என்று கேட்டார். அப்பா நடந்தார்.

அன்றைக்கு ஒரு நாளும் அடுத்த நாளும் அப்பா வேலைக்குப் போகவில்லை. தீபாவளி சீசனில் தி.நகரில் லீவு போடுவது சாதாரண விஷயமில்லை. அதன்பிறகு போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. அங்கே பையன் விழாமல் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று அக்கா செய்தி அனுப்பினார். அதற்குப் பிறகு ஒத்திகை எதையும் நான் பார்க்கவில்லை. மேடையில் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அப்பா வாய் திறந்து பேசினார், ஆனால் சோறு இறங்கவில்லை. நிகழ்ச்சி முடியட்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

நிகழ்ச்சி அவர்கள் ஊரில் இரவு ஏழு மணி. நமக்கு மத்தியானம் மூன்றரை. விழாக்காரர்கள் இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். அப்பாவுக்கு லீவு கிடையாது. அதனால் நான் அவரிடம் போனேன். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோவில் இறங்கினால், அதற்கு மேல் தீபாவளிக் கூட்டம். மாவுக்கட்டோடு ஒரு அடி எடுத்துவைக்க முடியாது. அப்பாவோடு வேலை பார்க்கிற ஒருவர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு வந்து காத்திருந்தார். துணி பண்டல்களுக்கு மேல் என்னை உட்காரவைத்து, "ஓரம், ஓரம், மாப்ள வர்றாரு" என்று கத்திக்கொண்டே மிதித்தார். பை பையாகத் துணி வாங்கிக்கொண்டு போகிற ஜனமெல்லாம் அண்ணாந்து பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

கடையின் குடோன் ஒரு சந்துக்குள் இருந்தது. டீ நேரம். ஏழெட்டு லோடுக்காரர்கள் பண்டல்கள் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பண்டல் மேல் போனை நிமிர்த்தி வைத்தோம். அப்பா உட்காரவில்லை. எல்லோருக்கும் பின்னால், தூணைப் பிடித்தபடி நின்றார்.

திரையில் இருட்டு. பிறகு எங்கள் ஆட்கள். அந்தப் பெரிய மேடையில் அவர்கள் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார்கள். மாம்பலம் ஸ்டேஷன் சத்தம் கொரியாவிலிருந்து போன் வழியாகக் கேட்டது. சந்துக்கு வெளியே நிஜ மாம்பலம் ஸ்டேஷன் சத்தமும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. நெட் போய்விட்டதா என்று ஒருவர் போனைத் தட்டினார். இல்லை, இனிமேல்தான் என்றேன். பாட்டே இல்லாமல் எவன் டான்ஸ் பார்ப்பான் என்று மீன்பாடிக்காரர் முணுமுணுத்தார்.

வெள்ளி முடிக்காரன் வந்தான். அவன் முதுகில் எங்கள் கொட்டிவாக்கத்துப் பெண். என் இடத்தில் அவனைப் பார்க்கிறபோது பொறாமையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கத்தான் செய்தது. ஆனால் அவன் நடக்க ஆரம்பித்ததும் அது மறந்துபோனது. அவன் மிதக்கவைக்கவில்லை. அவன் முதுகில் இருப்பது ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு கனம் இருக்கிறது என்பது நன்றாகவே தெரிந்தது. அவள் சரிந்தாள், ஏறினாள், தொங்கினாள். அவன் நடந்தான். டீ கிளாஸ் வைக்கும் சத்தம்கூட நின்றிருந்தது.

மேடையின் நடுவுக்கு வந்தான். நின்றான். முட்டியை மடக்கி ஒரு எம்பு எம்பினான். அந்த அமைதியில் 'ஹுப்' என்று அவன் மூச்சுவிட்டது எங்களுக்குக் கேட்டது.

நான் திரும்புவதற்குள் மீன்பாடிக்காரர் எழுந்தே விட்டார். "யோவ், இன்னாயா இது? உன்னாட்டமே எம்புறான்யா அவன்."

எல்லோரும் போனை விட்டுவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தூணை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார். அதைத் தவிர்க்கச் சொல்லி அந்தப் பையனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்பா ஒவ்வொரு தடவையும் செய்தார், அதனால் அவனுக்கு அது நடனத்தின் ஒரு பகுதி. திரையில் அவன் மறுபடி நடந்தான். கோடிக்குப் போனான். அவள் கால் தரையைத் தொட்டது. பாட்டு தொடங்கியது. எங்கள் ஆட்கள் ஓடிவந்தார்கள். அப்பா மெதுவாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, என் பக்கத்தில் பண்டல் மேல் உட்கார்ந்தார். கடைசி வரைக்கும் பார்த்தார். முடிந்ததும் அந்த ஊர் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். எங்கள் ஆட்கள் குனிந்து வணங்கினார்கள். கொரியப் பையன் தனியாக ஒரு தடவை முன்னால் வந்து குனிந்தான். எல்லோரும் கை தட்டும்போது அப்பாவும் தட்டினார். பிறகு யாரைத் தட்டுகிறோம் என்று சந்தேகம் வந்தவர் போலக் கையைக் கீழே போட்டுவிட்டார்.

ஆளாளுக்கு அவரைக் கலாய்க்க ஆரம்பித்தார்கள். இனிமேல் கொரியா ரேட்டில்தான் லோடு இறக்குவாயா, எங்களுக்கும் ஒரு விசா எடுத்துக் கொடு என்றெல்லாம். அவர் டீக்கடைப் பையில் கையை விட்டு ஒரு வடையை எடுத்தார். அதைத் தின்று முடித்து இன்னொன்றை எடுத்தார். அந்த வாரத்தில் அவர் பசித்துச் சாப்பிட்டதை அப்போதுதான் பார்த்தேன். மூன்றாவது வடையைப் பாதியாகப் பிய்த்து என்னிடம் கொடுத்தார்.

டீ நேரம் முடிந்தது. எழுந்து ஒரு பண்டலை முதுகில் ஏற்றிக்கொண்டார். எல்லோரும் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். சந்து முனை வரைக்கும் எம்பாமலே போனார். பாவம், தோள் வலித்திருக்கும். திருப்பத்தில் மறைவதற்குச் சற்று முன்னால் தாங்கமுடியாமல் ஒரு எம்பு எம்பினார். குடோன் முழுக்க சிரிப்பு. அவரும் சிரித்தார் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அன்று சாயங்காலம் அக்கா பேசினார். கடைசி ஒத்திகையில் அந்த எம்பலை எடுத்துவிடச் சொல்லத்தான் நினைத்தாராம். பிறகு மனசு வரவில்லை. இத்தனை மாதமாக எடையை மறைக்கிறேன் என்று சுமை தூக்குகிற உன் அப்பாவையே மறைத்துவிட்டேனே என்றார். அடுத்த கோடையில் அடையாறில் ஒரு சின்ன அரங்கில் நாங்கள் அதே நடனத்தை ஆடினோம். கால் சரியாகியிருந்தது. சுமந்தது நான். எம்பலும் உண்டு. மனசாரச் சொல்கிறேன், அந்தக் கொரியப் பையனுக்கு வந்த அளவுக்கு எனக்கு இன்னும் வரவில்லை.

மறுபடியும் வெளிநாட்டு வாய்ப்பு வரலாம், வராமலும் போகலாம். நான் இன்னும் விமானம் ஏறவில்லை. ஆனால் எங்கள் பிளாக்கில் யாராவது, உன் பையன் போகமுடியாமல் போய்விட்டதே என்று பரிதாபப்பட்டால், அதனால் என்ன, நான்தான் போய் வந்தேனே என்று அப்பா இப்போது சொல்கிறார். நான் அதைத் திருத்துவதில்லை. நான் அவரைத் தாண்டி எங்கேயோ தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று படித்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மொட்டை மாடியில் அவர் முதுகில் தொங்கியபோதுதான், நான் எங்கே போனாலும் என்னைக் கொண்டுபோகிறவர் யார் என்று பார்த்தேன். எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மாத்திரை, அப்பா வேலைக்குப் போகாத நாட்களின் கூலி எல்லாம் சேர்த்து, அவர் கொரியா போய்வர எங்கள் குடும்பத்துக்கு ஆன செலவு ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.